இங்கிலாந்தில் வைக்கிங்குகள்: வாளோடு வந்து ஏரோடு தங்கியவர்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வைக்கிங் என்பது இனமா, நாடா, தொழிலா?

தொழில் என்று சொல்வதுதான் உண்மைக்குக் கிட்டே வரும். கடல் கடந்து போய்க் கொள்ளையடிப்பவனைப் பழைய நோர்ஸ் மொழியில் அப்படி அழைத்தார்கள். இன்றைய நார்வே, டென்மார்க், சுவீடன் பகுதிகளில் வாழ்ந்த பெரும்பாலோர் ஆயுளில் ஒரு தடவைகூட அந்த வேலைக்குப் போனதில்லை. பார்லி விதைத்தார்கள், மாடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள்.

அடி வாங்கிய ஆங்கிலேயர்களும் அந்தப் பெயரை அதிகம் பயன்படுத்தவில்லை. ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைப் பதிந்துவைத்த ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு இவர்களை ‘டேனியர்’, ‘புறச்சமயத்தார்’, சில இடங்களில் வெறுமனே ‘அந்தப் படை’ என்கிறது. நார்வேக்காரனாக இருந்தாலும் டேனியன்தான். நமக்குத் தெரிந்த டேனியர்கள் 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டியவர்கள். நாடு அதேதான், ஆனால் அறுநூறு வருடம் பிந்தியவர்கள்.

முதல் தாக்குதல் 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் தீவில்தானே?

பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தென்கரையில், போர்ட்லண்டில் மூன்று கப்பல்கள் ஒதுங்கின. வியாபாரிகள் என்று நினைத்த அரசு அதிகாரி பியடுஹேர்ட், கணக்குக் காட்ட வாருங்கள் என்று கூப்பிடப் போனார். அங்கேயே கொன்றுவிட்டார்கள். குறிப்பேடு இதை 789-ஆம் ஆண்டின் கீழ் வைக்கிறது.

793 ஜூன் 8 அன்று லிண்டிஸ்ஃபார்ன் மடம் சூறையாடப்பட்டதுதான் ஐரோப்பாவை உலுக்கியது. புனித கத்பர்ட் அடக்கமாகியிருந்த இடம் அது. பிராங்கிய மன்னர் சார்லமேன் அரசவையில் இருந்த யார்க் நகரத்து அறிஞர் ஆல்குயின், வட இங்கிலாந்திலிருந்த நார்தம்ப்ரியா ராஜ்ஜியத்தின் மன்னருக்குப் புலம்பிக் கடிதம் எழுதினார். அதில் நடுவே ஒரு கண்டிப்பு வருகிறது: தாடியிலும் முடியிலும் புறச்சமயத்தாரைப் போலவே அலங்காரம் செய்துகொள்கிறீர்களே என்று. ஆக, கொள்ளைக்கு முன்பே போக்குவரத்து இருந்திருக்கிறது, வடவர்களின் சிகை அலங்காரம் இங்கே மோஸ்தராகவும் இருந்திருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று வந்து குதித்தார்கள் என்ற கதையை நான் நம்பாததற்கு இந்த ஒரு வரி போதும்.

ஏன் மடங்களாகப் பார்த்து அடித்தார்கள்? கிறிஸ்தவத்தின் மீது வெறுப்பா?

வெள்ளியும் தங்கமும் அங்கே இருந்தன, காவல் இல்லை, கடற்கரையை ஒட்டி இருந்தன. பிடித்துப்போய் அடிமையாக விற்க ஆட்களும் கிடைத்தார்கள். இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தக் கப்பல்களில் அப்படி என்ன விசேஷம்?

நார்வேயில் 1880-இல் தோண்டியெடுத்த கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்தால் புரியும். ஓக் மரம், சுமார் 23 மீட்டர் நீளம், முப்பத்திரண்டு துடுப்பு. பலகைகளை ஒன்றின் விளிம்பு மேல் இன்னொன்று ஏறும்படி அடுக்கி, இரும்பு ஆணி அறைந்து, இடுக்கில் தார் தோய்த்த கம்பளி நூலைத் திணித்திருக்கிறார்கள். பாயும் கம்பளிதான். மிதக்க ஒரு மீட்டர் அளவு தண்ணீர் போதும் என்பதால் கடலைத் தாண்டி வந்து அப்படியே ஆற்றுக்குள் நுழைந்துவிடலாம். துறைமுகமும் வேண்டாம், மணலில் ஏற்றி நிறுத்தினால் போதும்.

1893-இல் இதே அளவில் ஒரு நகலைக் கட்டி, நார்வேயிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி நியூஃபவுண்ட்லாந்துக்கு 28 நாளில் ஓட்டிப்போனார்கள். அலை வரும்போது கப்பலின் மேல்விளிம்பு ஆறு அங்குலம் வரை முறுகி வளைந்து பழைய நிலைக்குத் திரும்பியதாகத் தலைவர் மாக்னஸ் ஆண்டர்சன் எழுதிவைத்தார். விறைத்து நிற்காமல் அலையோடு வளைந்துகொடுக்கும் உடல் அது. ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கனடாக் கரையிலுள்ள லான்ஸ் ஓ மெடோஸ் வரை போனவர்களுக்கு வட கடலைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. காற்று சாதகமாக இருந்தால் சில நாள் பயணம்.

கொள்ளையடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தவர்கள் எப்போது தங்கினார்கள்?

முதல் ஐம்பது அறுபது வருடம் கோடையில் வருவதும் பனிக்காலத்துக்குள் திரும்புவதுமாகத்தான் இருந்தது. 850 வாக்கில் கெண்ட் கரையிலுள்ள தானெட்டில் முதல்முறையாகக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 865-இல் வந்தது வேறு வகை. குறிப்பேடு அதை ‘பெரும் படை’ என்கிறது. கிழக்கு ஆங்கிலியாவில் இறங்கிக் குதிரைகளை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு யார்க்கைப் பிடித்தார்கள். 869-இல் கிழக்கு ஆங்கிலியா மன்னர் எட்மண்டைக் கொன்றார்கள். அன்று இங்கிலாந்தில் இருந்த நான்கு பெரிய ராஜ்ஜியங்களில் நார்தம்ப்ரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியா மூன்றும் பத்து பன்னிரண்டு வருடத்தில் சரிந்தன. மிஞ்சியது தெற்கே வெசெக்ஸ்.

இந்தப் படையின் குளிர்கால முகாம்களை மண்ணுக்கடியில் கண்டுபிடித்திருக்கிறார்கள். 872-73-இல் லிங்கன்ஷயரில் டார்க்ஸி. அங்கே உழுத நிலத்தில் உலோகங்காட்டிக் கருவியோடு அலைந்தவர்களுக்கு வெட்டிய வெள்ளித் துண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட அரபுத் திர்ஹம் காசுகள், ஈயத்தில் வார்த்த விளையாட்டுக் காய்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. குளிர் முடியும்வரை வேறென்ன செய்வார்கள், உட்கார்ந்து காய் நகர்த்தியிருக்கிறார்கள்.

அடுத்த குளிர்காலம் டெர்பிஷயரில் ரெப்டன். மெர்சியா அரசர்களை அடக்கம் செய்த தேவாலயத்தையே முகாமின் அரணோடு சேர்த்துக்கொண்டார்கள். 1974 முதல் அங்கே அகழாய்வு செய்தவர்களுக்குக் கிடைத்த ஒரு கல்லறையில், தலையிலும் தொடையிலும் வெட்டுப்பட்டுச் செத்த ஒரு மனிதன். கழுத்தில் தோர் தெய்வத்தின் சிறிய வெள்ளிச் சுத்தியல், பக்கத்தில் வாள், தொடைகளுக்கு நடுவே ஒரு காட்டுப்பன்றித் தந்தம். தொடைவெட்டில் அவன் இழந்த உறுப்புக்குப் பதிலாக வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். மறு உலகத்தில் குறையோடு போய்ச் சேரக் கூடாதாம்.

அதே இடத்தில் ஒரு மேட்டுக்குள் குறைந்தது 264 பேருடைய எலும்புகள் குவிந்திருந்தன. கார்பன் கணக்குப் போட்டபோது சில எலும்புகள் நூறு இருநூறு வருடம் பழையவையாக வந்தன. இது வைக்கிங் படையே இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள். கடல் மீன் நிறையச் சாப்பிட்டவர்களின் எலும்பு, கார்பன் கணக்கில் உள்ளதைவிடப் பழையதாகக் காட்டும். அதைத் திருத்திப் போட்ட கணக்கு 2018-இல் வெளியானபோது எல்லாம் 873-ஐ ஒட்டி வந்து நின்றது. அந்த மேட்டில் கிடைத்த ஒரு செம்மணி கார்னீலியன் கல்லில் செய்தது. அக்காலத்தில் அந்தக் கல்லுக்குப் பேர்போன இடம் நம் குஜராத்.

கேள்விக்கு நேரான பதில் 876-ஆம் ஆண்டுக் குறிப்பில் இருக்கிறது. தலைவன் ஹாஃப்டன் நார்தம்ப்ரியா நிலத்தைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டான், அவர்கள் உழுது பிழைக்கத் தொடங்கினார்கள் என்று ஒரே வரி. என்னைக் கேட்டால் இங்கிலாந்து வைக்கிங் வரலாற்றில் இதைவிடப் பெரிய வரி கிடையாது. சண்டைகளை எல்லாரும் விலாவாரியாக எழுதினார்கள், ஏர் பூட்டியதை ஒருவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். இன்றுவரை நிலைத்தவை பெரும்பாலும் அந்த ஏர் பூட்டியவர்கள் விட்டுப்போனவை.

பெண்களும் வந்தார்களா, ஆண்கள் மட்டும்தானா?

வந்தார்கள். கிழக்கு இங்கிலாந்தில், குறிப்பாக நார்ஃபோக்கிலும் லிங்கன்ஷயரிலும், ஸ்காண்டிநேவியப் பெண்கள் உடையில் குத்திக்கொள்ளும் பாணி ஊசிவில்லைகள் வயல்களில் நூற்றுக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. விலையுயர்ந்தவை அல்ல, சாதாரணக் குடியானவப் பெண் அன்றாடம் அணிந்தவை. கொள்ளைக்காரன் இதை மூட்டை கட்டிக் கொண்டுவர மாட்டான்.

டேன்லா என்றால் என்ன? தனி நாடா?

தனி நாடாக ஒருபோதும் இருக்கவில்லை. 878 ஜனவரியில் குத்ரும் என்ற தலைவன் வெசெக்ஸ் மன்னர் ஆல்ஃபிரடைச் சதுப்பு நிலத்துக்குள் விரட்டிவிட்டான். மே மாதம் எடிங்டனில் ஆல்ஃபிரட் திருப்பி அடித்தார். தோற்ற குத்ரும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டான். ஞானத் தகப்பன் ஆல்ஃபிரடேதான். பின்னால் இருவரும் ஓர் எல்லை ஒப்பந்தம் போட்டார்கள்: தேம்ஸ் ஆற்றில் ஏறி, லீ ஆற்றின் வழியே அதன் ஊற்றுவரை போய், நேராக பெட்ஃபோர்ட், பிறகு ஊஸ் ஆற்றின் வழியே வாட்லிங் பெருவழி என்ற பழைய ரோமானியச் சாலை. அந்த ஒப்பந்த வாசகம் இன்றும் கையில் இருக்கிறது.

வடக்கிலும் கிழக்கிலும் டேனியர் வழக்கப்படி நியாயம் தீர்க்கப்பட்ட பகுதிக்குத்தான் பிற்காலத்தில் டேன்லா என்று பெயர் வந்தது. உள்ளே பல தலைவர்கள், பல படைகள். டெர்பி, லெஸ்டர், லிங்கன், நாட்டிங்ஹாம், ஸ்டாம்ஃபோர்ட் ஆகிய ஐந்து கோட்டை ஊர்கள் ஒரு கூட்டு.

ஆல்ஃபிரடின் மகன் எட்வர்டும் மகள் எதெல்ஃப்ளெடும் இவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். 917-இல் டெர்பி, 918-இல் லெஸ்டர் இரண்டும் எதெல்ஃப்ளெட் கைக்கு வந்தன. பேரன் எதெல்ஸ்டான் 927-இல் யார்க்கையும் சேர்த்து ஆண்டார். யார்க்கின் கடைசி வைக்கிங் அரசன் எரிக் 954-இல் துரத்தப்பட்டான். போட்டி ராஜ்ஜியங்களை வைக்கிங்குகள் முன்பே அழித்து வைத்திருந்ததால்தான் வெசெக்ஸ் குடும்பம் இங்கிலாந்து என்ற ஒரே நாட்டை உருவாக்க முடிந்தது. இதை ஆங்கிலேயர்கள் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

யார்க் நகரில் வாழ்க்கை எப்படி இருந்தது?

நாற்றமாக இருந்தது. 1976 முதல் 1981 வரை காப்பர்கேட் தெருவில் நடந்த அகழாய்வில் ஈர மண் எல்லாவற்றையும் அழுகாமல் காத்து வைத்திருந்தது. தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பு, பின்னால் நீண்டுபோகும் மனை, குச்சி பின்னிய தட்டிச் சுவர் வீடு, கொல்லையில் கக்கூஸ் குழி, அதற்குப் பக்கத்திலேயே கிணறு. ‘காப்பர்கேட்’ என்றாலே மரக்கிண்ணம் கடைபவர்களின் தெரு. கடைசலில் மிஞ்சிய மரக்கட்டைகள் குவியலாகக் கிடைத்தன. மான்கொம்பில் சீப்பு, அம்பர் மணி, தோல் செருப்பு, ஒற்றை ஊசியால் பின்னிய ஒரு கம்பளிக் காலுறை.

தூரத்துச் சரக்கும் இருந்தது. பட்டில் தைத்த தலைக்குல்லாய், செங்கடல் பக்கத்துச் சோழி, சமர்கந்து காசின் கள்ள நகல் ஒன்று. போலியை வாங்கி ஏமாந்தவர் யாரோ.

1972-இல் அருகே ஒரு வங்கிக் கட்டட வேலையின்போது கிடைத்த பொருள்தான் இன்று அருங்காட்சியகத்தின் நட்சத்திரம்: இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள, கல்லாகிப்போன மனித மலம். இறைச்சியும் ரொட்டியும் நிறையத் தின்ற ஆள், வயிறு முழுக்கப் பூச்சி முட்டை. அரச வரலாறு எழுதியவர்கள் யாரும் சொல்லாத தகவல்.

மதம் என்ன ஆயிற்று? தோர், ஓடின் என்ற பழைய தெய்வங்கள் எங்கே போயின?

இரண்டு தலைமுறையில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களாகிவிட்டார்கள். வேகத்தைப் பாருங்கள்: எட்மண்ட் மன்னரை 869-இல் கொன்றார்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதே கிழக்கு ஆங்கிலியாவில், அதே டேனியர் ஆட்சியில், ‘புனித எட்மண்ட்’ பெயரில் வெள்ளிக் காசு அடிக்கப்படுகிறது. யார்க்கில் அடித்த புனித பேதுரு காசில் தோரின் சுத்தியலும் இருக்கிறது. கம்ப்ரியாவில் கோஸ்ஃபோர்த் தேவாலய முற்றத்தில் நிற்கும் பத்தாம் நூற்றாண்டுச் சிலுவைக்கல், நான்கு மீட்டருக்கும் அதிக உயரம். ஒரு முகத்தில் சிலுவைப்பாடு. மற்ற முகங்களில் கட்டிப்போட்ட நோர்ஸ் தெய்வம் லோகி, சொட்டும் விஷத்தைக் கிண்ணத்தில் ஏந்தும் அவன் மனைவி. செதுக்கியவருக்கு இரண்டும் ஒரே கல்லில் இருப்பதில் எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பணம் கொடுத்தே அனுப்பிவிட்டார்கள் என்கிறார்களே?

980-களில் இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. இம்முறை வந்தவை ஒழுங்கான படைகள். 991-இல் மால்டன் தோல்விக்குப் பிறகு மன்னர் எதெல்ரெட் 10,000 பவுண்டு கொடுத்தார். 994-இல் 16,000. 1002-இல் 24,000. 1007-இல் 36,000. 1012-இல் 48,000. தொகை ஏறிய கணக்கே கதையைச் சொல்லிவிடும். எதெல்ரெட் காலத்து ஆங்கிலக் காசுகள் இங்கிலாந்தில் கிடைத்ததைவிடச் சுவீடனில் அதிகம் கிடைத்திருக்கின்றன. அங்கே உப்லாண்டில் ஒரு நினைவுக்கல், உல்ஃப் என்ற ஆள் இங்கிலாந்தில் மூன்று தடவை கப்பம் வாங்கினான் என்று பெருமையாகச் சொல்கிறது: முதலில் படைத்தலைவன் டோஸ்தி கொடுத்தது, பிறகு தோர்கெல் கொடுத்தது, பிறகு க்னூட் கொடுத்தது.

1002 படுகொலை உண்மையா?

உண்மை. இங்கிலாந்திலுள்ள டேனியரைக் கொல்லும்படி எதெல்ரெட் ஆணையிட்டார், நாள் நவம்பர் 13, புனித பிரைஸ் திருநாள். ஆக்ஸ்ஃபோர்டில் தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களைக் கட்டடத்தோடு கொளுத்தினார்கள். இதை அம்பலப்படுத்தியது எதிரி அல்ல. இரண்டு வருடம் கழித்து அந்தத் தேவாலயத்துக்குச் சொத்துப் பத்திரம் புதுப்பித்துக் கொடுத்தபோது மன்னரே எழுதிவைத்தார், டேனியர் கோதுமையில் முளைத்த களை என்று.

2008-இல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி வளாகத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இளம் ஆண்களின் எலும்புகள் ஒரே குழியில் கிடைத்தன. முதுகில் குத்து, சிலருக்குத் தீக்காயம். இவர்கள் அந்தப் படுகொலையில் செத்தவர்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதில் இருபதுகளில் இருந்த ஒருவனின் மரபணுவும், டென்மார்க்கில் ஓட்டெருப் என்ற ஊரில் ஐம்பது வயதில் செத்த ஒரு குடியானவனின் மரபணுவும் நெருங்கிய உறவு என்று பிற்பாடு தெரிந்தது: சித்தப்பனும் அண்ணன் மகனுமோ, தாயோ தகப்பனோ மட்டும் ஒன்றான அண்ணன் தம்பியோ, தாத்தாவும் பேரனுமோ. ஆயிரம் வருடம் கழித்து கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இரண்டு எலும்புக்கூடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள்.

இங்கிலாந்தை டேனிய மன்னரே ஆண்டாரா?

ஆண்டார், அதுவும் நன்றாகவே. 1013-இல் டென்மார்க் மன்னர் ஸ்வேன் இங்கிலாந்தைப் பிடித்தார். இவருடைய அப்பா ஹரால்ட் ‘ப்ளூடூத்’. உங்கள் ஃபோனில் இருக்கும் ப்ளூடூத் அவர் பெயர்தான், அதன் சின்னம் அவர் பெயரின் இரண்டு முதலெழுத்துகளை வடவர்களின் பழைய ரூன் எழுத்தில் கோத்தது. ஸ்வேனின் மகன் க்னூட் 1016-இல் முழு இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1018-இல் 72,000 பவுண்டும், லண்டனிடம் தனியாக 10,500-ம் வசூலித்துப் படையின் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார். எதெல்ரெட்டின் விதவை எம்மாவை மணந்தார், பழைய ஆங்கிலச் சட்டங்களையே தொகுத்து அமல்படுத்தினார், ரோமுக்குப் போய்ப் பயணிகளுக்குச் சுங்கம் குறைக்கப் பேசினார்.

அலையை நிற்கச் சொல்லி முட்டாளானவர் என்று கேட்டிருப்பீர்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதை எழுதிய வரலாற்றாசிரியர் ஹண்டிங்டன் ஹென்றி சொன்னது நேர் எதிர்: தன்னைப் புகழ்ந்தவர்களுக்கு அரசனின் வல்லமை எவ்வளவு என்று காட்டவே கடலோரம் நாற்காலி போட்டாராம்.

எல்லாம் எப்போது முடிந்தது?

1042-இல் டேனிய வம்சம் தீர்ந்தது. 1066 செப்டம்பர் 25 அன்று யார்க் அருகே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நார்வே மன்னர் ஹரால்ட் ஹார்ட்ராடா செத்தார். முந்நூறு கப்பலில் வந்தவர்கள் இருபத்துநான்கில் திரும்பினார்கள் என்கிறது குறிப்பேடு. மூன்று வாரத்தில் தெற்கே ஹேஸ்டிங்ஸில் வென்ற நார்மன்களும், 911-இல் பிரான்சில் நிலம் வாங்கிக் குடியேறிய வடவர்களின் வாரிசுகள்தான்.

ஆங்கிலத்தில் எவ்வளவு நோர்ஸ் இருக்கிறது?

எத்தனை சொல் என்பதைவிட எந்தச் சொல் என்பது முக்கியம். போர்ச்சுகீசியர் வந்தபோது தமிழுக்கு ஜன்னல், சாவி, அலமாரி, மேசை கிடைத்தன. பொருளோடு பெயரும் வருவது எந்த மொழியிலும் நடப்பது. ஆங்கிலத்துக்கும் ‘விண்டோ’ அப்படி வந்தது. நோர்ஸில் அது காற்றின் கண். ‘நைஃப்’, ‘எக்’ கூட அங்கிருந்துதான்.

ஆனால் ‘அவர்கள்’ என்ற சொல்லை ஒரு மொழி கடன் வாங்குமா? ஆங்கிலம் வாங்கியது. ‘தே’, ‘தெம்’, ‘தேர்’ மூன்றும் நோர்ஸ். பழைய ஆங்கிலத்தில் ‘அவன்’, ‘அவர்கள்’ இரண்டுக்கும் ஒலி கிட்டத்தட்ட ஒன்றாகிக் குழப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது தெளிவாக இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். ‘போத்’, ‘சேம்’, ‘டேக்’, ‘கெட்’, ‘வான்ட்’, ‘ராங்’, ‘இல்’, ‘ஆங்கர்’ (கோபம்), ‘லெக்’, ‘ஸ்கின்’, ‘ஸ்கை’ என்று நீளும் இவற்றில் ஆயுதம், கப்பல், போர் எங்கே? எல்லாம் அடுப்படியிலும் வரப்பிலும் புழங்குபவை. ‘ஹஸ்பெண்ட்’ என்பதே வீடு வாசல் உள்ளவன் என்று பொருள்படும் நோர்ஸ் சொல். வென்றவன் திணித்த சொற்கள் இப்படி இருக்காது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, மாடு விற்று, வாய்க்கால் தகராறு போட்டு வாழ்ந்தவர்களிடம்தான் இவை ஒட்டும்.

இரண்டும் உறவு மொழிகள், ஓரளவு ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிந்திருக்கும். ஒரு அடையாளம்: பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்க’ ஒலி ‘ஷ’ ஆனது, நோர்ஸில் ஆகவில்லை. அதனால் ஒரே வேரிலிருந்து வந்த ‘ஷர்ட்’ ஆங்கிலம், ‘ஸ்கர்ட்’ நோர்ஸ். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றை மேலுக்கும் ஒன்றைக் கீழுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வடக்கு தெற்கு என்ற பிளவு வெகுகாலம் இருந்தது. இங்கிலாந்தின் முதல் அச்சகக்காரர் காக்ஸ்டன் 1490-இல் ஒரு நூலின் முன்னுரையில் சொல்கிறார்: கெண்ட் கரையில் காற்றுக்காகக் காத்திருந்த வணிகர்களில் ஒருவர் ஒரு வீட்டில் போய் ‘எக்’ கேட்டார். எனக்கு பிரெஞ்சு தெரியாது என்றாள் அந்த அம்மாள். எனக்கும் தெரியாது, கேட்டது முட்டை என்று அவருக்குக் கோபம். இன்னொருவர் பழைய ஆங்கிலச் சொல்லான ‘ஐரென்’ என்றதும் புரிந்தது.

‘கன்’ என்ற துப்பாக்கிச் சொல்? 1330-இல் விண்ட்சர் கோட்டை ஆயுதக் கணக்கில் பெரிய வில்பொறி ஒன்றுக்கு ‘கன்னில்டா சீமாட்டி’ என்று பெயர். அதுவும் ஒரு நோர்ஸ் பெண் பெயர்தான்.

ஊர்ப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

யார்க்ஷயர், லிங்கன்ஷயர் வரைபடத்தை விரியுங்கள். ‘-பி’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஸ்காண்டிநேவியக் குடியிருப்பு: கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி. ‘-தார்ப்’ என்றால் சிற்றூர், ‘-த்வெயிட்’ என்றால் காடு வெட்டித் திருத்திய நிலம். வட இங்கிலாந்தில் ஓடை ‘பெக்’, மலை ‘ஃபெல்’. யார்க்கில் தெருப்பெயர் ‘கேட்’ என்று முடிந்தால் வாசல் என்று நினைத்துவிடாதீர்கள், நோர்ஸில் அது தெரு. வாட்லிங் பெருவழிக்குத் தெற்கே வந்தால் இந்தப் பெயர்கள் சட்டென்று குறைந்துவிடும்.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் விர்ரல் (Wirral) தீபகற்பத்தில், 902-இல் டப்ளினிலிருந்து விரட்டப்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். அங்கே இருக்கும் ‘திங்வால்’ ஊர்ச்சபை கூடிய வெளி. கால்பந்து ரசிகர்களுக்குத் தெரிந்த டிரான்மியர், நாரைகள் இறங்கும் மணல்திட்டு.

சட்டத்தில் ஏதாவது தங்கியதா?

‘லா’ என்ற சொல்லே தங்கியது. ‘பை-லா’வும்தான்: ‘-பி’ முடிவில் பார்த்த அதே ஊர், அதனுடைய சட்டம். சென்னை அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் பைலாவை எடுத்துப் போட்டுச் சண்டை பிடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். தேர்தல் பிரசார மேடைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘ஹஸ்டிங்ஸ்’ நோர்ஸ் சபையின் பெயர். யார்க்ஷயரை மூன்றாகப் பிரித்த ‘ரைடிங்’ என்றால் மூன்றில் ஒன்று. 1974 வரை நிர்வாகப் பிரிவாகவே இருந்தது.

எதெல்ரெட்டின் வான்டேஜ் சட்டத்தில் டேன்லா பகுதிக்கு ஒரு விதி: பன்னிரண்டு முக்கியஸ்தர்கள் கூடி, குற்றமற்றவனைக் குற்றம் சாட்ட மாட்டோம், குற்றவாளியை மறைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஜூரி முறைக்கு இதுதான் வேர் என்பார்கள். எனக்கு முழுச் சம்மதமில்லை. ஜூரி முறை உருவெடுத்த இரண்டாம் ஹென்றி மன்னர் காலத்துக்கும் இதற்கும் நடுவே நூற்றைம்பது வருட இடைவெளி, இடையில் நார்மன் வழக்கங்கள் வேறு புகுந்துவிட்டன.

கொம்பு வைத்த தலைக்கவசம்?

இல்லை. 1876-இல் வாக்னர் ஓபெராவுக்கு உடை தைத்த டோப்ளர் பிரபலமாக்கியது. இங்கிலாந்தில் யார்ம் ஊரில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்த பத்தாம் நூற்றாண்டுத் தலைக்கவசம் சாதா இரும்பு, கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான்.

ஆங்கிலக் கிழமைப் பெயர்கள் வைக்கிங்குகள் கொடுத்தவையா?

இல்லை. ‘வெட்னஸ்டே’, ‘தர்ஸ்டே’ எல்லாம் ஆங்கிலோ-சாக்சன்களே வைத்திருந்த பெயர்கள். ஓடினுக்கும் தோருக்கும் ஈடான வோடன், துனோர் என்ற தெய்வங்கள் அவர்களுக்கும் இருந்தன.

நேரில் பார்க்க எங்கே போகலாம்?

யார்க் நகரின் யார்விக் மையம் 1984 முதல் காப்பர்கேட்டிலேயே, தோண்டிய இடத்தின் மேலேயே நடக்கிறது. அந்தப் பழைய நாற்றத்தையும் செயற்கையாக விடுகிறார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். கூட்டம் வேண்டாம் என்றால் வடக்கு யார்க்ஷயரில் கிர்க்டேல் தேவாலயத்துக்குப் போங்கள். வாசலுக்கு மேலே 1055 முதல் 1065-க்குள் வைத்த ஒரு சூரியக் கடிகாரக் கல். கமாலின் மகன் ஓர்ம் என்பவர், இடிந்து விழுந்து கிடந்த இந்தக் கோயிலை வாங்கி அடித்தளத்திலிருந்து புதிதாகக் கட்டினார் என்று எழுதியிருக்கிறது. தகப்பன் மகன் பெயர் இரண்டும் நோர்ஸ், எழுதிய மொழி ஆங்கிலம். குடியேறி ஆறேழு தலைமுறை ஆகியிருந்தது.

லிண்டிஸ்ஃபார்ன் போகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள். தீவுக்குப் போகும் சாலை ஒரு நாளைக்கு இரண்டு தடவை கடலுக்குள் போய்விடும். பாதுகாப்பான நேர அட்டவணையை உள்ளூர் நிர்வாகம் வெளியிடுகிறது, அதைப் பார்க்காமல் கிளம்பி நடுவழியில் காரோடு மாட்டிக்கொள்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.